புகார் எண் கொடுத்தால் நியாயம் கொடுத்ததாகுமா?

கல்லூரி திறக்கிற மாதத்தில் அரியலூரிலும் பெரம்பலூரிலும் பிரவுசிங் சென்டர் வாசல்களைப் பாருங்கள். செந்துறை, ஜெயங்கொண்டம், திருமானூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பக்கத்தில் அப்பனோ ஆத்தாளோ நிற்கிறார்கள். அவர்கள் யார்? சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் சிமெண்ட் ஆலையிலும் காண்டிராக்ட் கூலிகளாக உழைப்பவர்கள். முந்திரிக் காட்டிலும், மக்காச்சோளக் கொல்லையிலும், பருத்தி வயலிலும், சின்ன வெங்காயப் பாத்தியிலும் முதுகு ஒடிய வேலை செய்பவர்கள். அந்தக் குடும்பங்களில் பலவற்றில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் தலைமுறை இதுதான்.

அங்கே கம்ப்யூட்டரில் ஓர் உறுதிமொழிப் படிவம் திறக்கிறது. "ராகிங் செய்யமாட்டேன், செய்தால் தண்டனைக்கு உட்படுவேன்" என்று மாணவர் உறுதி அளிக்க வேண்டும். "என் மகன், மகள் செய்யமாட்டார்" என்று பெற்றோரும் உறுதி அளிக்க வேண்டும்.

"என்னம்மா எழுதியிருக்கு இதுல?" என்று அப்பன் கேட்கிறார்.

"ஒன்னுமில்லப்பா, எல்லாரும் கொடுக்கிறதுதான். உங்க போன் நம்பரைச் சொல்லுங்க" என்கிறாள் மகள்.

காசைக் கொடுத்துவிட்டு இருவரும் வெளியே வருகிறார்கள். கையில் ஒரு பதிவு எண் இருக்கிறது.

தோழர்களே! ராகிங் கூடாது என்பதில் நமக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. 1996-ல் சிதம்பரத்தில் நாவரசு என்ற மருத்துவ மாணவன் சீனியர் மாணவனால் கொல்லப்பட்டான். தமிழகமே கொதித்தெழுந்தது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-ல் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவன் உயிரிழந்த பிறகு, பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதி போட்டது; இலவசத் தொலைபேசி எண்ணும் கொடுத்தது. இவையெல்லாம் தேவையானவையே. நடுராத்திரியில் விடுதி அறையில் நடுங்கிக் கொண்டிருக்கும் பிள்ளைக்கு அழைக்க ஓர் எண் இருப்பது நல்லதுதான்.

நமது கேள்வி வேறு. அந்தப் படிவத்தில் தொடங்கிய பழக்கம் இன்று எங்கே வந்து நிற்கிறது? கட்டணத் தகராறா, ஆன்லைனில் பதிவு செய்! உதவித்தொகை வரவில்லையா, ஆன்லைனில் பதிவு செய்! சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்களா, அதையும் ஆன்லைனில் பதிவு செய்! பதிவு செய்தாயா? இதோ புகார் எண். வாயை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போ! இதற்குப் பெயர் "முரண்பாட்டு மேலாண்மை"யாம். மாணவர்களுக்குள் நல்லுறவை வளர்க்கும் நவீன கருவியாம்.

ஆலைத் தொழிலாளிக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. ஆலை வாசலில் தொங்கும் புகார்ப் பெட்டியை நாம் பார்த்திருக்கிறோம். அதன் சாவி யாரிடம் இருந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

விதியைப் புரட்டிப் பார்ப்போம்

பழி சுமத்துவதற்கு முன் சர்க்கார் எழுதி வைத்திருப்பதையே படிப்போம். 2023 ஏப்ரலில் மானியக் குழு "மாணவர் குறைதீர்ப்பு விதிகள்" என்று ஒன்றை வெளியிட்டது. ஒவ்வொரு கல்லூரியும் பல்கலைக்கழகமும் மூன்று மாதத்துக்குள் ஆன்லைன் புகார்த் தளம் அமைக்க வேண்டும் என்றது. அதிகக் கட்டணம், சான்றிதழைப் பிடித்து வைத்தல், உதவித்தொகைத் தாமதம், சாதி பாகுபாடு ஆகிய எல்லாம் அதில் புகாராகலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் புகார் நடக்கும் பாதையைப் பாருங்கள்.

மாணவி பொத்தானை அழுத்துகிறாள். புகார் முதலில் யாரிடம் போகிறது? அவள் யார்மீது புகார் செய்தாளோ, அந்த நிர்வாகத்திடமே போகிறது! நிர்வாகம் 15 நாளுக்குள் "தனது கருத்துகளையும் சேர்த்து" குறைதீர்ப்புக் கமிட்டிக்கு அனுப்பும். மேஸ்திரி மீது எழுதிய மனுவை மேஸ்திரியே வாங்கி, ஓரத்தில் தன் குறிப்பையும் எழுதி, மானேஜரிடம் கொண்டு போவதைப் போன்றது இது.

அந்தக் கமிட்டியில் யார்? தலைவர் ஒரு பேராசிரியர். உறுப்பினர்கள் நான்கு பேர். அவர்களும் பேராசிரியர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள். ஒரு பெண்ணும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்புகளில் ஒன்றைச் சேர்ந்த ஒருவரும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது நல்லது, வரவேற்போம். மாணவர் பிரதிநிதி? உண்டு, ஒரே ஒருவர்! அவரையும் மாணவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மதிப்பெண், விளையாட்டு, கலைநிகழ்ச்சி ஆகியவற்றில் சிறந்தவர் என்று பார்த்து நியமிப்பார்கள். அவர் உறுப்பினர்கூட அல்ல, "சிறப்பு அழைப்பாளர்". அதாவது நாற்காலி உண்டு, அதிகாரம் இல்லை. நிர்வாகம் கை காட்டும் பிள்ளை, நிர்வாகத்துக்கு எதிராக வாய் திறக்குமா?

கமிட்டிக்கு 15 வேலை நாள். அதன் தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் மேல்முறையீடு. அதைக் கேட்கும் குறைதீர்ப்பு அதிகாரியை நியமிப்பது யார்? அதே பல்கலைக்கழகம்! அவருக்கு 30 நாள். பொய்ப் புகார், அற்பப் புகார் என்று அவர் கருதினால் புகார் கொடுத்தவர் மீதே நடவடிக்கை எடுக்கச் சொல்லலாம்.

கூட்டிப் பாருங்கள்: இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. கட்டணப் பாக்கிக்காகத் தேர்வு அனுமதிச் சீட்டு கிடைக்காமல் நிற்கும் செந்துறைப் பிள்ளைக்கு, அதற்குள் தேர்வே முடிந்துவிடும். தேர்வு முடிந்த பிறகு கிடைக்கிற நியாயத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

மானியக் குழு 2022-ல் தொடங்கிய இன்னொரு புகார்த் தளத்துக்குப் பெயர் "இ-சமாதான்". இந்தியில் அதற்குத் "தீர்வு" என்று பொருள். தமிழன் காதில் விழுவதோ "சமாதானம்". தமிழன் காது தவறாகக் கேட்கவில்லை. தீர்வு கொடுப்பதைவிடச் சமாதானப்படுத்தி அனுப்புவதுதான் அதிகம் நடக்கிறது.

ஆலையில் உள்ளது கல்லூரியில் இல்லையா?

நூற்பாலைத் தோழர்களும் சிமெண்ட் ஆலைத் தோழர்களும் இதைத் தங்கள் அனுபவத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 1947-ன் தொழில் தகராறு சட்டம் என்ன சொன்னது? நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளிகள் இருக்கும் ஆலையில் ஒர்க்ஸ் கமிட்டி அமைக்கச் சர்க்கார் உத்தரவிடலாம். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை முதலாளி பிரதிநிதிகளைவிடக் குறையக் கூடாது என்றது. அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்து 2025 நவம்பரில் அமலாக்கிய தொழில் உறவுத் தொகுப்பு, தொழிலாளியின் எத்தனையோ உரிமைகளைப் பறித்தது. அதுகூட இந்தச் சம எண்ணிக்கையை எடுத்துவிடத் துணியவில்லை.

ஒர்க்ஸ் கமிட்டியால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பின்னால் சங்கம் நின்ற இடத்தில்தான் அந்தக் கமிட்டிக்கு உயிர் இருந்தது. ஆனாலும் ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் ஒப்புக்கொண்ட பாதி இடத்தை, அவருடைய மகளுக்குக் கல்லூரியில் மறுப்பதற்கு என்ன நியாயம்? பதினெட்டு வயதில் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கத் தகுதி உண்டாம்; விடுதிச் சாப்பாட்டில் புழு கிடந்தால் பேச ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கத் தகுதி இல்லையாம்!

இது முடியாத காரியமும் அல்ல. இதே மானியக் குழு 2015-ல் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் விதிகளைப் போட்டது. மாணவர் சம்பந்தப்பட்ட புகாரை விசாரிக்கும்போது மூன்று மாணவர்கள் கமிட்டியில் இருக்க வேண்டும், அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. 2015-ல் தெரிந்த ஜனநாயகம் 2023-ல் எங்கே போயிற்று? பாலியல் புகாரை விசாரிக்கத் தகுதியுள்ள மாணவர், கட்டணப் புகாரை விசாரிக்கத் தகுதியற்றவரா? காரணம் தெளிவு. கட்டணமும் சான்றிதழும் நிர்வாகத்தின் கல்லாப்பெட்டி விவகாரம். அங்கே மாணவரின் ஓட்டு நுழையக் கூடாது!

"தீர்ந்தது" என்னும் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். சாதி பாகுபாடு குறித்து 2019-20 முதல் 2023-24 வரை ஐந்தாண்டில் வந்த புகார்களை மானியக் குழு தொகுத்துக் கொடுத்தது. 704 பல்கலைக்கழகங்களிலிருந்தும் 1,553 கல்லூரிகளிலிருந்தும் 1,160 புகார்கள் வந்தனவாம். அவற்றில் 1,052 தீர்க்கப்பட்டனவாம். நூற்றுக்குத் தொண்ணூறு! சபாஷ் போடலாம் என்று தோன்றுகிறதல்லவா?

சற்று நில்லுங்கள். இந்த நாட்டில் 45,000-க்கும் அதிகமான கல்லூரிகள் உள்ளன. கணக்குக் கொடுத்தவை 1,553. மற்றக் கல்லூரிகளில் சாதியே செத்துவிட்டதா? அல்லது புகார் கொடுக்கும் தைரியம் செத்துவிட்டதா? ஆண்டுப் புகார்கள் 173-லிருந்து 378-ஆக உயர்ந்தன என்றும் அதே கணக்கு சொல்கிறது. கம்ப்யூட்டர் பெருகப் பெருகச் சாதிக் கொடுமை குறையவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

"தீர்க்கப்பட்டது" என்றால் என்ன பொருள்? குற்றம் செய்தவர் தண்டிக்கப்பட்டாரா? நிறுத்தி வைத்த பணம் வந்ததா? புகார் கொடுத்த மாணவர் "எனக்கு நியாயம் கிடைத்தது" என்று ஒப்புக்கொண்டாரா? அல்லது கோப்பு மூடப்பட்டதா? கம்ப்யூட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் திறந்த புகார், மூடிய புகார் என்ற இரண்டுதான். மூடிய புகார் அதிகமானால் கல்லூரிக்கு நல்ல பெயர். ஆகவே மூடுவதில்தான் அவசரம் காட்டப்படுகிறது.

எந்தப் புகாருக்கு வேகம்?

ஆனால் நிர்வாகம் எப்போதும் மெத்தனமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சில புகார்களுக்கு மின்னல் வேகம் உண்டு.

சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர்–பெரியார் வாசகர் வட்டம் என்று மாணவர்கள் நடத்தினார்கள். அது மத்திய சர்க்காரின் கொள்கைகளை விமர்சிக்கிறது என்று பெயர் போடாத ஒரு மொட்டைக் கடிதம் டில்லிக்குப் போனது. அமைச்சகம் அதை ஐ.ஐ.டி.க்கு அனுப்பியது. 2015 மே மாதமே வட்டத்தின் அங்கீகாரம் ரத்து! விசாரணை எங்கே, கமிட்டி எங்கே, 15 வேலை நாள் எங்கே? நாடெங்கும் மாணவர்கள் வீதிக்கு வந்த பிறகு, ஜூன் மாதத்தில் அங்கீகாரம் திரும்பி வந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தது எந்தப் போர்ட்டல்? மாணவர் ஐக்கியம்தான் கொடுத்தது.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2015 ஆகஸ்டில் ஒரு பேஸ்புக் பதிவில் கிளம்பிய தகராறு அது. இரண்டு மாணவர் குழுக்களுக்கு இடையில் வந்த சச்சரவைப் பேசித் தீர்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமை. நடந்தது என்ன? ஒரு தரப்புக்காக மத்திய மந்திரி ஒருவரே கல்வி மந்திரிக்குக் கடிதம் எழுதினார். அமைச்சகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நினைவூட்டல் மேல் நினைவூட்டல் பறந்தது. அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் திறந்த வெளியில் கூடாரம் போட்டுப் படுத்தார்கள். அவர்களில் ஒருவரான ரோகித் வெமுலாவுக்கு மாதக்கணக்கில் உதவித்தொகையும் வரவில்லை. 2016 ஜனவரி 17 அன்று அந்த இளைஞரை நாடு இழந்தது.

2019 மே மாதம் மும்பையில் பாயல் தட்வி என்ற பழங்குடி மருத்துவரை இழந்தோம். ரோகித்தின் தாயும் பாயலின் தாயும் சேர்ந்து 2019-ல் சுப்ரீம் கோர்ட்டுப் படி ஏறினார்கள். அந்த இரு தாய்மாரின் வழக்கு நடந்து கொண்டிருந்த நிலையில், 2026 ஜனவரி 13 அன்று மானியக் குழு புதிய சமத்துவ விதிகளை அறிவித்தது. மேல்சாதிக் கூச்சல் கிளம்பியது. ஜனவரி 29 அன்று சுப்ரீம் கோர்ட்டு அவற்றை நிறுத்தி வைத்து, 2012-ன் பழைய விதிகளே தொடரட்டும் என்றது. ஏழாண்டு காத்திருந்த தாய்மாருக்குக் கிடைத்தது பதினாறு நாள் விதி!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2019 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. மாணவர்களின் சமூக வலைதளக் கணக்குகளை நிறுவனத்தின் கணக்கோடும் அமைச்சகத்தின் கணக்கோடும் இணைக்க வேண்டும், அதற்கு ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் "கட்டாயமில்லை" என்று குரலை இறக்கினார்கள். மாணவரின் குறையைக் கேட்க என்று சொல்லும் அதே கருவி, மாணவரை ஒற்றுப் பார்க்கும் கண்ணாகவும் ஆகும் என்பதற்கு இது எச்சரிக்கை.

கம்ப்யூட்டரில் புகார் பாதுகாப்பாக இருக்கும் என்கிறார்களே, அதையும் பார்த்துவிட்டோம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். துணிந்து போலீசில் புகார் கொடுத்தாள். அவளை அடையாளம் காட்டும் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கையே ஆன்லைனில் வெளியே கசிந்தது! "தொழில்நுட்பக் கோளாறு" என்றார்கள். சென்னை ஹைகோர்ட்டு பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்து, அந்தப் பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்தக் கசிவைப் பார்த்த எத்தனை பெண்கள், "நமக்கு எதற்கு வம்பு" என்று வாயை மூடிக்கொண்டார்களோ, அதற்குக் கணக்கு உண்டா?

சங்கம் வந்தால் அடிதடியா?

இங்கே ஒரு குரல் எழும். "மாணவர் சங்கம், தேர்தல் என்று வந்தால் சாதி வரும், கட்சி வரும், அடிதடி வரும். பிள்ளைகள் படிக்கட்டும், தகராறை நிர்வாகம் அமைதியாகத் தீர்க்கட்டும்." நல்லெண்ணத்தோடு இதைச் சொல்லும் பெற்றோரும் உண்டு. அவர்களுக்கு நாணயமாகப் பதில் சொல்ல வேண்டும்.

தேர்தல் இல்லாத இடத்தில் சாதி இல்லையா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்களே, அங்கே எந்தச் சங்கத் தேர்தல் நடந்தது? அதன் பிறகு சர்க்கார் அமைத்த நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கையில் சாதிக் கயிறு கூடாது என்றது. பள்ளி முதல் உயர்கல்வி வரை சாதி பாகுபாட்டை ஒழிக்கத் தனிச் சட்டமே வேண்டும் என்றது. சாதி நெஞ்சில் இருக்கிறது, ஊரில் இருக்கிறது, நிலத்தில் இருக்கிறது. அதைச் செல்போன் செயலியால் "மேலாண்மை" செய்ய முடியாது.

நம் பக்கத்துத் தவறுகளையும் மறைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் கேரளத்தின் பூக்கோடு கால்நடைக் கல்லூரியில் சித்தார்த்தன் என்ற மாணவன் கொடிய ராகிங்குக்கு ஆளாகி உயிரிழந்தான். அதில் கைதானவர்களில் இந்திய மாணவர் சங்கத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். வெண்கொடியைப் பிடித்த கை சக மாணவனை அடிக்குமானால் அந்தக் கை அந்தக் கொடிக்குத் தகுதியற்றது. இதைச் சொல்ல நமக்குக் கூச்சம் தேவையில்லை. சங்கம் என்ற பெயரே போதாது. அது பதில் சொல்லக் கடமைப்பட்ட சங்கமாக, ஆண்டுதோறும் ஓட்டுக்கு நிற்கிற சங்கமாக, கடைசி மாணவனின் குரலையும் கேட்கிற சங்கமாக இருக்க வேண்டும்.

தொழிலாளி வர்க்கம் இந்தப் பாடத்தை ரத்தம் சிந்திப் படித்தது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921-ல் பெரம்பூர் பக்கிங்காம்–கர்நாடிக் மில்லில் பல மாதம் வேலைநிறுத்தம் நடந்தது. மில் நிர்வாகமும் வெள்ளைச் சர்க்காரும் சாதிப் பிளவை ஊதிவிட்டன. ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒருபுறம், சாதி இந்துத் தொழிலாளர் மறுபுறம் என்று நின்று, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கி வெடித்தது, வேலைநிறுத்தம் தோற்றது. "குழு உறவு மேலாண்மை" என்பதை முதலாளி அன்றே செய்தான், தோழர்களே! பிரித்து வைப்பதுதான் அவனுடைய மேலாண்மை. ஆனால் சங்கத்தின் குறையும் அதில் உண்டு. ஒடுக்கப்பட்ட தொழிலாளியின் நம்பிக்கையை முழுதாகப் பெறாத ஐக்கியம் பாதி ஐக்கியம்தான்.

அந்தப் பாடத்தைக் கற்றுத்தான் கீழத்தஞ்சையில் பி. சீனிவாசராவும் தோழர்களும் 1940-களில் செங்கொடிச் சங்கம் கட்டினார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் பண்ணையாரிடம் கொடுத்த மனுவால் ஒழியவில்லை. சேரியும் குடியானவத் தெருவும் ஒரே கொடியின் கீழ் வந்து நின்றபோதுதான் ஒழிந்தது.

அரியலூர் மக்களுக்கு இதற்கு வேறு சாட்சியும் வேண்டியதில்லை. குழுமூர் அனிதா இந்த மண்ணின் மகள். மூட்டை தூக்கும் தொழிலாளி பெற்ற பிள்ளை. பிளஸ் டூவில் 1,176 மதிப்பெண் வாங்கியும் நீட் அவளை வாசலில் நிறுத்தியது. சுப்ரீம் கோர்ட்டு வரை போய்ப் பார்த்தாள். 2017 செப்டம்பர் 1 அன்று அவளை இழந்தோம். அதன் பிறகு தமிழகமெங்கும் மாணவர்கள் வீதியில் இறங்கினார்கள். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதம் இடம் ஒதுக்கிச் சட்டம் வந்தது. நீட் இன்னும் ஒழியவில்லை. ஆனால் அந்த 7.5 சதத்தைப் பெற்றுத் தந்தது ஜனங்களின் கொந்தளிப்பு. இன்று அரியலூர் மருத்துவக் கல்லூரி அரங்கம் அவள் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாம் கேட்பது என்ன?

நாம் யந்திரத்துக்கு எதிரிகள் அல்ல. விசைத்தறி தொழிலாளியைத் தின்பதும் உண்டு, தொழிலாளிக்கு உடுத்தத் தருவதும் உண்டு. அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. புகாருக்குத் தேதியும் எண்ணும் இருப்பது மாணவருக்கு ஆயுதம். "உன் மனு வரவே இல்லை" என்று எவனும் புளுக முடியாது. அந்த ஆயுதத்தின் பிடி நிர்வாகத்தின் கையில் இருப்பதைத்தான் எதிர்க்கிறோம். ஆகவே நமது கோரிக்கைகள்:

ஒன்று: ஆன்லைன் புகார் நிர்வாகத்தின் "கருத்து"க்காகக் காத்திராமல், பதிவான அன்றே கமிட்டிக்கும் கல்லூரிக்கு வெளியே உள்ள அதிகாரிக்கும் போக வேண்டும்.

இரண்டு: கமிட்டியில் பாதிப் பேர் மாணவர்கள் தேர்ந்தெடுத்த மாணவராக, ஓட்டுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கும் பெண்களுக்கும் அந்தப் பாதியிலும் இடம் உறுதியாக வேண்டும்.

மூன்று: குறைதீர்ப்பு அதிகாரியை அதே பல்கலைக்கழகம் நியமிக்கக் கூடாது.

நான்கு: புகார் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் எந்தப் புகாரும் "தீர்ந்தது" என்று மூடப்படக் கூடாது. எத்தனை புகார், எதைப் பற்றி, எத்தனை நாளில், என்ன முடிவு என்பதை, புகார் கொடுத்தவர் பெயர் தெரியாதபடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

ஐந்து: படிவமும் பதிலும் தமிழில் வேண்டும். செல்போன் இல்லாத பிள்ளை எழுதிக் கொடுத்தாலும், வாயால் சொன்னாலும் பதிவு செய்ய வேண்டும்.

ஆறு: லிங்டோ கமிட்டி சிபாரிசு செய்து, 2006-லேயே சுப்ரீம் கோர்ட்டு நடத்தச் சொன்ன மாணவர் பேரவைத் தேர்தலை எல்லாக் கல்லூரிகளிலும் நடத்த வேண்டும். சந்துரு கமிட்டி சொன்ன தனிச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டும்.

இவை மாணவரின் கோரிக்கைகள் மட்டுமல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய கோரிக்கைகள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஆலைச் சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் தங்கள் அடுத்த கூட்டத்தில் இதை விவாதிக்க வேண்டும். ஊரில் எத்தனை பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள், யாருக்கு உதவித்தொகை நிற்கிறது, யார் சான்றிதழ் பிடிபட்டிருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். பிள்ளை தனியாகப் பொத்தானை அழுத்திவிட்டுப் பயந்து கிடக்கக் கூடாது. அவள் பின்னால் பத்து மாணவர்களும், அவர்கள் பின்னால் ஊரும் நிற்கிறது என்று நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த ஆண்டும் உங்கள் மகள் பிரவுசிங் சென்டர் வாசலில் நின்று, "போன் நம்பரைச் சொல்லுங்கப்பா" என்பாள். நம்பரைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவளிடம் ஒன்று கேளுங்கள்:

"உங்க காலேஜு கமிட்டியில, நீங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆளு யாரும்மா?"

அந்தக் கேள்விக்கு அவள் ஒரு பெயரைச் சொல்லும் நாள் வரும்வரை நமக்கு ஓய்வு இல்லை!